கம்பு பீட்சாவுக்குக் கறிதோசைதான் வழி

சிறுதானியத்தில் பீட்சா செய்யப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்பு மாவையோ கேழ்வரகு மாவையோ ஈஸ்ட் போட்டுப் பிசைந்து, உருட்டி, கையால் விரித்து, இத்தாலிக்காரர் செய்வதுபோலவே செய்யப் பார்க்காதீர்கள். வராது. அடம் பிடித்து வரவழைத்தாலும் வரட்டிபோல இருக்கும். நம் ஊர்க் கறிதோசையைப் பாருங்கள். வழி அதில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இது ஆரம்பித்த காரணம் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். மகள் பத்தாவது, மகன் ஏழாவது. சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் இரண்டும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். எந்த பீட்சா, எத்தனை, எந்தக் கடையில் ஆஃபர் என்று பேச்சு ஓடும். வேண்டாம் என்று தடுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. தடுத்த பண்டத்துக்கு ருசி கூடிவிடும். அதோடு மதுரையில் இருந்துகொண்டு பீட்சாவில் மைதா இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? பொழுது விழுந்தால் தெருவுக்குத் தெரு பரோட்டாக் கல் காய்கிற ஊர் இது. பன் பரோட்டா, கொத்து பரோட்டா, வீச்சு என்று பெயர்தான் வேறு, மாவு ஒன்றுதான். "அப்பா சாப்பிடுறது மட்டும் என்னவாம்?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். அவரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

ஆகவே, பீட்சாவை ஒழிப்பது என் நோக்கமாக இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு அதில் பிடித்தது என்ன என்று பார்த்தேன். அடியில் முறுகல், மேலே இழுபடும் சீஸ், புளிப்பும் இனிப்புமான சாஸ், வட்டத்தை வெட்டி ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்வது. இவ்வளவுதான். மைதாவுக்காக யாரும் பீட்சா சாப்பிடுவதில்லை. அப்படியானால் அடியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தரலாமே என்று தோன்றியது.

மைதாவில் அப்படி என்ன குறை என்றால், கோதுமையின் மேல்தோலான தவிடும் முளைப் பகுதியும் போய், நடுவில் உள்ள மாவுப்பகுதி மட்டும் மிஞ்சியது அது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையைப் பார்த்தால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தெரியும். 100 கிராம் மைதாவில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கம்பு, சோளம், கேழ்வரகு, முழுக்கோதுமை மாவு எல்லாவற்றிலும் 10, 11 கிராம். ஆனால் புரதத்தில் மைதாவும் கம்பும் ஏறக்குறைய சமம்தான். கம்பு சாப்பிட்டால் புரதம் கொட்டும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். நார்ச்சத்து, இரும்பு, மற்ற தாதுச் சத்துகள், இவற்றுக்காகத்தான் கம்பு. கால்சியம் வேண்டுமென்றால் கேழ்வரகு; 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது, வேறு எந்தத் தானியத்திலும் அந்த அளவு இல்லை.

தானியம் வாங்குகிற இடத்திலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு பளபளப்பான பாக்கெட்டுகள் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் வந்துவிட்டன. குதிரைவாலி, சாமை, வரகு, தினை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். இவற்றுக்குக் கடினமான உமி உண்டு, அதை நீக்காமல் சாப்பிட முடியாது. ஆனால் உமியை நீக்கியதோடு நிற்காமல், வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மேலும் தீட்டித் தவிட்டையும் எடுத்துவிடுகிறார்கள். அப்படித் தீட்டியதை வாங்கினால் அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, விலையைத் தவிர. லேசாகப் பழுப்பேறி, மங்கலாக, கையில் எடுத்தால் கொஞ்சம் தூசி ஒட்டுகிற மாதிரி இருப்பதுதான் நல்லது. கம்பு, சோளம், கேழ்வரகு மூன்றுக்கும் இந்தத் தொல்லை இல்லை. கதிரை அடித்துத் தூற்றினாலே மணி தனியாக வந்துவிடும், உமி ஒட்டியிருக்காது. அதனால் முழுத் தானியமாகவே கிடைக்கிறது. நான் கம்பையும் சோளத்தையும் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

நான் கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் வாங்குகிறேன். சில்லறையாகவும் தருவார்கள். மாமியாரின் ஊர் பேரையூர் பக்கம், கரிசல் காடு. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் கால்வாய்த் தண்ணீர் வந்து நெல் விளைகிறது. திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர் என்று போனால் மானாவாரிதான், வானம் பார்த்துச் சோளமும் குதிரைவாலியும் விதைக்கிற பூமி. அங்கிருந்து யாராவது வந்தால் ஒரு மஞ்சப்பை நிறையச் சோளம் வரும். வெள்ளைச் சோளம்தான் இதற்கு நல்லது. செஞ்சோளத்தில் லேசான துவர்ப்பு இருக்கும், பெரியவர்களுக்குப் பிடிக்கும், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி, பிசைந்தால் ஏன் வராது என்பது. கோதுமை மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசையும்போது குளூட்டன் என்று ஒரு புரதப் பின்னல் உருவாகிறது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் துணிபோல விரிகிறதே, அது இந்தப் பின்னலால்தான். ஈஸ்ட் விடுகிற காற்றைப் பிடித்துவைத்து மாவை உப்பவைப்பதும் அதுதான். கம்பிலும் சோளத்திலும் கேழ்வரகிலும் குளூட்டன் கிடையாது. பிசைந்தால் மாவு உதிரும், விரித்தால் ஓரத்தில் வெடிக்கும், ஈஸ்ட் விடுகிற காற்றெல்லாம் வெளியே போய்விடும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் கொஞ்சம் சேரும், ரொட்டி தட்டலாம். ஆனால் அந்த ரொட்டி சூடாக இருக்கும்போது மட்டும்தான் ரொட்டி. ஆறினால் அப்பளம். அதன்மேல் சாஸ் தடவினால் ஒரு பக்கம் ஊறும், மறுபக்கம் உடையும்.

கம்பு மாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. கம்பில் கொழுப்பு மற்றத் தானியங்களைவிட அதிகம். அரைத்துவைத்த மாவு சில நாளிலேயே சிக்கு வாடை அடித்துக் கசக்கத் தொடங்கிவிடும். கடையில் பாக்கெட் கம்பு மாவு வாங்கி, "கம்பே கசப்பு" என்று ஒதுக்கியவர்கள் நிறையப் பேர். கம்பு கசப்பில்லை, பழைய மாவுதான் கசப்பு. ஊறவைத்து அன்றன்றைக்கு அரைத்தால் இந்தப் பேச்சே இல்லை.

இப்போது கறிதோசைக்கு வருவோம். சிம்மக்கல் கோனார் கடைப் பக்கம் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லில் கனமாக ஒரு தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி, அப்படியே ஒரு திருப்பு. அடியில் தானியம், நடுவில் ஒட்டுவதற்கு ஒன்று, மேலே காரசாரமான ஒன்று. பீட்சாவின் கட்டுமானமும் இதேதான், ஓவனுக்குப் பதில் கல். புளித்த மாவு, காய்ந்த கல், ஒரு மூடி, இவை இருந்தால் போதும். நேப்பிள்ஸில் விறகடுப்பில் 450 டிகிரி வாக்கில் சூடேற்றி ஒன்றரை நிமிஷத்துக்குள் பீட்சாவை வெளியே எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கைவேலையை யுனெஸ்கோ 2017-ல் பண்பாட்டு மரபாகவே அங்கீகரித்திருக்கிறது. நம் வீட்டு ஓவன் 230, 250-ஐத் தாண்டாது. அதில் வைத்தால் அடி சிவப்பதற்குள் மேலே உள்ளது வறண்டுவிடும். நம்மிடம் இருக்கிற நல்ல சூடு இரும்புத் தோசைக்கல்லில்தான் இருக்கிறது.

என் அளவு இது. கம்பு இரண்டு டம்ளர், வெள்ளைச் சோளம் ஒரு டம்ளர், தோலோடு உள்ள கறுப்பு உளுந்து முக்கால் டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன். கம்பைக் கட்டாயம் அரிக்க வேண்டும். கல், மண் இருக்கும், மிதக்கிற சக்கையும் இருக்கும். நாலு தண்ணீர் மாற்றிக் கழுவி, கம்பையும் சோளத்தையும் சேர்த்து முதல்நாள் ராத்திரியே ஊறப்போடுங்கள். சோளம் ஊறச் சோம்பேறித்தனப்படும். எட்டு மணி நேரம் இல்லாமல் அரைத்தால் நறநறவென்று கிடக்கும். உளுந்தும் வெந்தயமும் மூன்று மணி நேரம் போதும். உளுந்தை முதலில் போட்டுப் பொங்கப் பொங்க ஆட்டி எடுத்துவிட்டு, அப்புறம் தானியத்தைப் போட்டு ரவைப் பதத்தில் நிறுத்துங்கள். நைசாக ஆட்டினால் சுட்டபிறகு களிபோல ஆகிவிடும். தண்ணீர் குறைவாக, இட்லி மாவைவிட ஒரு பிடி கெட்டியாக, கரண்டியிலிருந்து விழ யோசிக்கிற மாவாக இருக்க வேண்டும். உப்பு போட்டுக் கையால் கலக்கி வையுங்கள்.

உளுந்தைக் குறைக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. மாவு புளிக்கும்போது வருகிற காற்றை வெளியே விடாமல் பிடிப்பது உளுந்தின் வழவழப்புதான். கோதுமையில் குளூட்டன் செய்கிற வேலையை இங்கே உளுந்து செய்கிறது. புளிப்பதால் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது: தானியத் தோலில் இருக்கிற, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிற பொருள் ஊறிப் புளிக்கையில் குறைந்துவிடுகிறது. கம்பை மாவாகத் திரித்துப் பிசைவதைவிட ஆட்டிப் புளிக்கவைப்பது நல்லது என்று நான் சொல்வதில் இதுவும் சேர்த்திதான்.

மதுரை வெயிலில் சித்திரை வைகாசியில் ஆறு மணி நேரத்திலேயே மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிடும், கம்பு அரிசியைவிட வேகமாகப் புளிக்கும். மார்கழியில் ராத்திரி முழுக்க வேண்டும். பொங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரண்டாம் நாள் மாவுதான் பீட்சாவுக்குச் சரியாக வரும், கொஞ்சம் புளிப்பு ஏறியிருக்கும். இந்த அளவுக்கு ஒரு சாண் வட்டத்தில் எட்டு, பத்து வரும்.

சுடுவதை மாமியார்தான் எனக்குச் சரியாகப் பிடித்துக்கொடுத்தார். கம்பு மாவு அரிசி மாவைப் போல இல்லை, கல் காயாமல் ஊற்றினால் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும். "கல்லு இன்னும் காயலத்தா. தண்ணி தெளிச்சா முத்து முத்தா ஓடணும், அப்பத்தான் ஊத்தணும்" என்பார். பக்கத்தில் பிள்ளைகள், "அப்பத்தா, பசிக்குது" என்று நின்றாலும் அவருக்குக் கல் காய்ந்தால்தான் கணக்கு. பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்த்து, ஒரு சிட்டிகை சோளக் குருணையைத் தூவிவிட்டு, அதன்மேல் மாவை ஊற்றுகிறேன். அந்தக் குருணை வெந்து மாவில் மொறுமொறுவென்று ஒட்டிக்கொள்ளும், கடை பீட்சாவில் இருக்கிற சொரசொரப்பு அப்படியே வரும். மாவைத் தேய்க்கக் கூடாது. ஊத்தப்பத்துக்கு விடுகிற மாதிரி விட்டு, ஓரத்தை மட்டும் கரண்டியால் வட்டமாக்கினால் போதும். அரை விரல் கனம். ஓரத்தில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். மேலே துளைதுளையாகக் குழி விழுந்து ஈரம் போனதும் திருப்பிப் போட்டு ஒரு நிமிஷம் மூடாமல் விட்டு எடுங்கள்.

எடுத்ததைத் தட்டில் வைக்காதீர்கள். சூடான பேஸ் தட்டில் பட்டால் அடியில் வியர்த்து நமத்துவிடும். நான் முறத்தில் போடுகிறேன். கம்பி ஸ்டாண்ட் இருந்தால் அதில் போடலாம். இதுதான் பேஸ். காலையிலேயே சுட்டுவைத்துவிடலாம், ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும்.

சாஸுக்கு நாட்டுத் தக்காளி. அண்ணா நகர் உழவர் சந்தையில் வாங்குகிறோம் (தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அது, 1999-ல் திறந்தார்கள்; காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் நல்ல பழம் கிடைக்கும்). ஹைப்ரிட் தக்காளி கெட்டியாக இருக்கும், வெட்ட வசதி, ஆனால் புளிப்பு போதாது. பழுத்த தக்காளி அரைக் கிலோ, பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, முண்டு வத்தல் இரண்டு. வெங்காயத்தையும் பூண்டையும் நல்லெண்ணெயில் வதக்கி, தக்காளியையும் வத்தலையும் போட்டுத் தோல் சுருளும்வரை வதக்கி, ஆறவைத்து அரைத்து, திரும்பவும் சட்டியில் ஊற்றிச் சுண்டவிடுங்கள். கரண்டியால் சட்டியின் நடுவில் ஒரு கோடு கிழித்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கினால் பேஸ் ஊறாது. இனிப்புக்கு ஒரு சிறு துண்டு கருப்பட்டி. பாட்டில் சாஸில் இருக்கிற சர்க்கரையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. உப்பைப் பாதியாகக் குறையுங்கள், சீஸில் ஏற்கெனவே இருக்கிறது.

பீட்சா வாசனை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் ஆரிகனோவின் வாசனை. அதற்கென்று பாக்கெட் தேட வேண்டாம். ஆரிகனோவுக்கு மணம் தருவது கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு எண்ணெய்ப் பொருள்கள். சளிக்குக் கஷாயம் போடத் தொட்டியில் வளர்க்கிறோமே, கற்பூரவல்லி, அதன் இலையிலும் அதே பொருள்கள்தான். ஓமத்தில் தைமால் இருக்கிறது. ஒரு கற்பூரவல்லி இலையைப் பொடியாக நறுக்கி, கால் ஸ்பூன் ஓமத்தை உள்ளங்கையில் கசக்கி, சாஸ் இறக்கும்போது போட்டால் மகன் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவான். அளவு மீறினால் மருந்துபோல ஆகிவிடும், ஒரு இலைக்குமேல் வேண்டாம். இத்தாலிக்காரர் பீட்சாவின்மேல் போடுகிற பச்சை இலை நம் திருநீற்றுப் பச்சிலையின் ஜாதிதான். சப்ஜா விதை அந்தச் செடியின் விதைதான், நாட்டு மருந்துக் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கித் தொட்டியில் தூவினால் முளைத்துவிடும். எங்கள் மொட்டைமாடியில் இப்போது மூன்று தொட்டி நிற்கிறது. இலையைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும்.

சீஸ் விஷயத்தில் நான் சமரசக்காரி. பன்னீரைப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். சத்துக்குப் போதும், ஆசைக்குப் போதாது. கொதித்த பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்தது பன்னீர், எவ்வளவு சூடு பண்ணினாலும் உருகாது. மொசரெல்லாவோ, பாலை உறையவைத்துக் கட்டியாக்கி, அந்தக் கட்டியை வெந்நீரில் இழுத்து இழுத்துச் செய்வது, அதனால் நூலாக இழுபடுகிறது. பிள்ளைகளுக்கு அந்த நூல் வேண்டும். அதனால் ஒரு பேஸுக்கு இரண்டு ஸ்பூன் துருவிய மொசரெல்லா, அதைச் சுற்றி உதிர்த்த பன்னீர். ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் பால் ஒரு லிட்டர் வாங்கித் திரித்தால் 200 கிராம் வாக்கில் பன்னீர் கிடைக்கும். மொசரெல்லா வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பால், உப்பு, உறை சேர்க்கிற பொருள், இவ்வளவுதான் இருக்க வேண்டும். பாமாயில் அல்லது தாவர எண்ணெய் என்று போட்டிருந்தால் அது சீஸ் மாதிரி இருக்கிற ஏதோ ஒன்று, வைத்துவிட்டு வாருங்கள்.

சீஸைக் குறைக்க முடிவதற்கு உண்மையான காரணம் முட்டை. இங்கேதான் கறிதோசை கைகொடுக்கிறது. கல்லைத் திரும்பக் காயவைத்து, பேஸை முதலில் சிவந்த பக்கம் மேலே இருக்கும்படி போடுங்கள். வெளுத்த பக்கம் இப்போது அடியில் முறுகும். ஒரு முட்டையை மிளகுத்தூள் போட்டு அடித்து மேலே ஊற்றிப் பரப்பி ஒரு நிமிஷம் மூடுங்கள். முட்டை மெல்லிய தோல்போல உறைந்து நிற்கும். அதன்மேல் தடவுகிற சாஸ் கீழே இறங்காது, பேஸ் நமக்காது, மேலே வைக்கிற காய் உருளாது, வயிறும் நிறையும். முட்டை சேர்க்காதவர்கள் இட்லிப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து மெல்லிசாகத் தடவலாம். எண்ணெய்ப் படலம் சாஸைத் தடுத்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், என் வீட்டுக்காரருக்கு முட்டையைவிட இதுதான் பிடிக்கிறது.

அப்புறம் சாஸ், காய், சீஸ், மூடி. தீ சிம்மில் மூன்று நிமிஷம். நடுவில் ஒருமுறை மூடியைத் திறந்து உட்பக்கம் கோத்திருக்கிற தண்ணீரைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி மூடுங்கள். துடைக்காவிட்டால் அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சீஸ்மேல் விழுந்து குளம் கட்டிவிடும். சின்ன வேலைதான், ஆனால் கடைப் பக்குவம் வருவதும் வராமல் போவதும் இந்தத் துடைப்பில் இருக்கிறது. சீஸ் மேலே சிவக்கவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் ஓவன் இருந்தால் கடைசி இரண்டு நிமிஷம் மேல் சூட்டில் மட்டும் வைக்கலாம்.

மேலே என்ன வைப்பது என்பதில் ஒரே ஒரு நிபந்தனை: பச்சையாக எதையும் வைக்காதீர்கள். குடைமிளகாய், வெங்காயம், காளான் எல்லாம் தண்ணீர் விடும். நல்ல தீயில், உப்பில்லாமல், இரண்டு நிமிஷம் வதக்கி ஈரத்தைப் போக்கிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அதிகம் செலவாவது முருங்கைக்கீரை. கீரையைச் சின்ன வெங்காயத்தோடு வதக்கி, முட்டைப் படலத்தின்மேல் தூவி, அதன்மேல் சீஸ். முருங்கைக்கீரையும் முட்டையும் ஏற்கெனவே பழகின ஜோடி என்பதால் யாரும் முகம் சுளிக்கவில்லை. தனிப் பொரியலாக வைத்தால் தொடாத மகன் இதில் சாப்பிடுகிறான். சுட்ட கத்தரிக்காய் நன்றாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டன் சுக்கா மிஞ்சியிருந்தால் திங்கள் ராத்திரிக்கு வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். வாழைப்பூவையும் வைத்துப் பார்த்தோம், எனக்கு அது ரசிக்கவில்லை.

கம்பெல்லாம் வேண்டாம், கையால் விரிக்கிற மாவுதான் வேண்டும் என்பவர்களுக்குக் கோதுமை இருக்கிறது. கோதுமையை வாங்கிக் கழுவிக் காயவைத்து மாவு மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள், சலிக்க வேண்டாம். தவிடு தண்ணீரை நிறையக் குடிக்கும். கால் கிலோ மாவுக்கு 180 மில்லி வரை ஊற்றலாம். கலந்தவுடன் பிசையாமல் அரை மணி நேரம் சும்மா வைத்தால் தவிடு ஊறி மாவு மெதுவாகும், பாதிப் பிசைகிற வேலை தானாக முடியும். ஈஸ்ட் கால் ஸ்பூன் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் கல்லில் சுடலாம். நன்றாகவே வரும். ஆனால் எங்கள் வீட்டில் கம்புதான் ஓடுகிறது. வாரத்தில் பாதி நாள் ஃபிரிட்ஜில் எப்படியும் ஏதோ ஒரு மாவு இருக்கிற வீடு என்பதால் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

சர்க்கரை இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுதானியம் என்றதும் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. கம்பும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்த எந்தத் தானியமும் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். கொரகொரப்பாக ஆட்டச் சொன்னதில் இந்தக் கணக்கும் உண்டு. என் மாமியார் ஒரு வட்டத்தில் பாதிதான் எடுத்துக்கொள்வார், சீஸ் இல்லாமல், கீரை கூடுதலாக. இதுவரை நார்ச்சத்து அதிகம் சாப்பிடாதவர்கள் முதல் தடவையே மூன்று வட்டம் உள்ளே தள்ளினால் ராத்திரி வயிறு உப்பிக்கொள்ளும். ஒன்றில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள்.

செலவைப் பார்த்தால், கடையில் ஒரு நடுத்தர பீட்சா வாங்குகிற காசில் நாலைந்து கிலோ கம்பு வாங்கலாம். சீஸுக்குத்தான் செலவு. பிள்ளைகள் கடை பீட்சாவை விட்டுவிட்டார்களா என்றால், இல்லை. பிறந்தநாள், நண்பர்கள் கூட்டம் என்றால் கடைதான். போகட்டும். மற்றச் சனிக்கிழமைகளில் மகளே கல்லைக் காயவைக்கிறாள். தண்ணீரைத் தெளித்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கும் வந்துவிட்டது, ஆனால் சீஸைப் பொறுத்தவரை அவள் கை நீளம்.

மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிக் கொடுப்பதாக இருந்தால் சீஸ் வேண்டாம், ஆறினால் ரப்பராகிவிடும். முட்டை, கீரை, சாஸ் மட்டும் வைத்து நாலாக வெட்டி டப்பாவில் வைக்கலாம். பேஸ் மட்டும் மிஞ்சினால் அதற்கும் மதுரையில் வழி இருக்கிறது. பிய்த்துப் போட்டு, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, முட்டை சேர்த்துக் கல்லில் கொத்துங்கள். பரோட்டாவைவிட இது சால்னாவை அதிகம் குடிக்கும், அதனால் சால்னாவைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.